உட்கார்ந்த பறவை அவருக்கு ஆகாது

பாம்பு பிடிப்பவர் உண்டு, மீன் பிடிப்பவர் உண்டு, மேலதிகாரியிடம் காக்காய் பிடிப்பவர் தெருவுக்கு நாலு பேர் உண்டு. நான் சொல்லப்போகிறவர் இந்தக் கூட்டத்தில் சேராதவர். இவர் பறக்கிற பறவையைக் கேமராவில் பிடிப்பவர். பறக்கிற பறவை என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒன்றைக் காட்டி, "சார், அதோ அழகா ஒண்ணு, எடுங்களேன்" என்று சொல்லித்தான் பாருங்கள். கல்யாணச் சமையல்காரரிடம் போய் உனக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்று கேட்டவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். உட்கார்ந்ததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். அதற்கு எதற்கு மனுஷன்?

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கிற பெயர் அந்தரத்தார். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒருவர் என் பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பதால் எனக்கு ஆராய்ச்சிச் செலவு மிச்சம்.

வேலை நாளில் இவரை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர், தலையில் பல்லி விழுந்தாலும் பதறாத மனிதர். விடுமுறை விடிந்தால் ஆளே வேறு. சேற்று நிறத்தில் கையில்லாத ஒரு சட்டை, அதில் எண்ண முடியாத பைகள், எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது; சாவியைத் தேட ஆரம்பித்தால் ஏதோ பூச்சி கடித்த மாதிரி உடம்பெல்லாம் தட்டிக்கொள்வார். இந்த நிறம் எதற்கு என்று கேட்டேன். பறவை கண்ணில் படாமல் இருக்கவாம். பறவை கண்ணில் படுகிறாரோ இல்லையோ, தெருவில் இருக்கிற அத்தனை நாயின் கண்ணிலும் பட்டுவிடுகிறார்.

கேமரா சின்னதுதான். அதன் முன்னால் மாட்டுகிற லென்ஸ்தான் பீரங்கி. காரில் அதற்கு முன் சீட்டு, பெல்ட் போட்டு. மனைவிக்குப் பின் சீட்டு, மடியில் கேமராவை நிறுத்துகிற முக்காலி. பள்ளத்தில் கார் விழுந்தால் "ஐயோ, அடிபட்டுதா?" என்று பதறித் தடவிக்கொடுப்பார். எந்த சீட்டை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவரிடம் வாயைக் கொடுத்தால் போச்சு. நிற்க வைத்துப் பாடம் எடுப்பார். முழங்கையை விலாவோடு ஒட்டு, மூச்சை அடக்கு, கழுத்தைத் திருப்பாதே, இடுப்பிலிருந்து திரும்பு, பறவையோடு சேர்ந்து நீயும் போ, அமுக்கின பிறகும் நிற்காமல் போ, சூரியன் உன் முதுகில் இருக்கட்டும், பறவை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், ஆகவே காற்றும் உன் முதுகில் இருக்கட்டும், அப்போதுதான் அது உன்னைப் பார்த்து வரும், ஒரு நொடியை இரண்டாயிரமாகக் கிழித்து அதில் ஒரு கிழிசலில் படத்தை எடு, படத்தில் பறவைக்கு முன்னால் காலி இடம் விடு, அது பறந்து போக வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலே, கண். கண் துல்லியமாக இல்லாவிட்டால் படம் செத்தது. இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் நாம் பார்க்க வந்த பறவை வேறு தேசத்தில் குஞ்சு பொரித்திருக்கும்.

இன்னொரு ரகசியமும் உண்டு. பெரிய பறவை கிளம்புவதற்கு முன்னால் பாரத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். ஆகவே இவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள். எச்சம் விழுந்த மறுகணம் விரல் அமுங்கும். குளக்கரையில் பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று, ஒரு கொக்கின் வயிறு எப்போது இளகும் என்று மூச்சை அடக்கிக் காத்திருப்பதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

பறவை அகப்படாத நாளில் பயிற்சி. மாடியிலிருந்து தெருவில் போகிற பைக்குகளைக் குறிபார்ப்பார். ஒரு தபால்காரர் பயந்து வண்டியைச் சாக்கடையில் விட்டார். வீட்டுக்குள் மின்விசிறியின் இறக்கையைத் துரத்துவார். சமையலறையிலிருந்து தட்டோடு வருகிற மனைவியை, வாசற்படி முதல் மேஜை வரை, இடுப்பிலிருந்து திரும்பித் தொடர்வார். தொடர்வதோடு சரி. அமுக்க மாட்டார். அது பயிற்சி.

பிறகு படம் காட்டும் சடங்கு. வந்தவர் கையில் தண்ணீர் டம்ளர் வருவதற்கு முன்னால் டிவியில் வானம் வந்துவிடும். சாம்பல் வானம், நடுவில் ஒரு புள்ளி. "பருந்து" என்பார். கொசுவா என்று கேட்ட என் மைத்துனனால் அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் போக முடிந்ததில்லை. நன்றாக வந்த படமென்றால் கேமராவும் அவரும் செய்தது. வராத படமென்றால் வெளிச்சம் செய்தது.

இதெல்லாம் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இவருடைய மனைவிக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா. அண்ணன் இரும்புக் கடை வைத்திருந்தவர். அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை நர்ஸாக இருக்கிற எனக்கு ஏன் கடைசியில் சொன்னாய் என்று அக்கா கேட்டார், நீ போனை எடுத்தால்தானே என்று அண்ணன் சொன்னார், அவ்வளவுதான். அப்பா எழுந்து வந்து இன்னும் சில வருஷம் நன்றாக நடமாடிவிட்டுப் பிறகுதான் போய்ச் சேர்ந்தார். சண்டைதான் படுக்கையிலிருந்து எழவேயில்லை.

இப்போது அண்ணன் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க வெளிநாட்டுக்கே போகிறார். திரும்பி வருகிற யோசனை இல்லை. தங்கைக்காரி விடுவாரா? மாதக்கணக்கில் போனிலேயே தூது போய், அவர் வந்தால் நான் வரமாட்டேன் என்றவரையும், அவள் இருந்தால் நான் இருக்கமாட்டேன் என்றவரையும் கெஞ்சி, மிரட்டி, அழுது, ஒரே மேஜைக்குச் சாப்பிட வரவைத்துவிட்டார். அதற்கு முந்தின நாள் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். சுவர் மெலிசு, எனக்கும் கேட்டது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. நாங்க மூணு பேரும் ஒண்ணா நிக்கற மாதிரி ஒரே ஒரு படம். அண்ணன் போயிட்டா அப்புறம் இவங்க ரெண்டு பேரையும் யாரு சேத்து நிறுத்தறது?"

"ஒண்ணா? நூறு எடுத்துத் தரேன்" என்றார் அந்தரத்தார்.

சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வெளி ஆள் இருந்தால் சத்தம் குறையும் என்ற கணக்காக இருக்கும். அண்ணனும் அக்காவும் அடுத்தடுத்த நாற்காலியில்தான் இருந்தார்கள், ஆனால் பேச்சு தங்கை வழியாகத்தான் போய் வந்தது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பைத் தொட வேண்டாம் என்று சொல்லு என்பார் அக்கா. நான் இதைத் தின்றுதான் சாகப்போகிறேன் என்று ஒன்றும் இல்லை என்று சொல்லு என்பார் அண்ணன். தங்கை இரண்டையும் வாங்கி, முள்ளை எடுத்துவிட்டு மறுபக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் மொட்டைமாடிக்குப் போனோம். அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"வீட்டுல இவ்வளவு பெரிய கேமரா இருக்கறப்போ போனா? உள்ள வைங்கக்கா" என்றார் நம்ம ஆள். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நானும் பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பக்கத்தில் இருக்கிறவர்களை எடுக்கிற சின்ன லென்ஸை அவர் எப்போதோ விற்றுவிட்டார். பக்கத்தில் இருப்பதை எடுக்கிற தேவையே வந்ததில்லையாம். இருப்பது பீரங்கி மட்டும். மாடியின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அண்ணனின் மூக்கும் ஒரு காதும்தான் அடங்கின. ஆகவே இறங்கி, என் வீட்டு மாடி ஏறி, அங்கேயும் பின்னாலே பின்னாலே போய், கொடியில் காய்ந்த என் போர்வைகளுக்கு நடுவில் பீரங்கியின் வாயை நீட்டினார். துணைக்கு நானும் போனேன். சொந்த மச்சானையும் மச்சினியையும் மறைவிலிருந்து எடுத்த ஒரே மனுஷன் இவராகத்தான் இருப்பார்.

மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். நடுவில் தங்கை, எல்லைக்கல் மாதிரி.

"மச்சான், காத்துக்கு எதிரா திரும்புங்க" என்று இங்கிருந்து கத்தினார்.

"ஏன் மாப்பிள்ளை, நான் என்ன காத்தாடியா?" என்று அங்கிருந்து பதில் வந்தது.

விதிப்படி சூரியன் இவர் முதுகில். அப்படியென்றால் அவர்கள் முகத்தில். அவர் முழங்கையை ஒட்டி, மூச்சை அடக்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிறுத்தி வைத்ததில் அக்காவின் கண்ணில் வெயில் ஏறித் தண்ணீராகக் கொட்ட ஆரம்பித்தது. துடைத்தால் ஆடிவிடுவோம் என்று பாவம் துடைக்காமல் நின்றார். அப்போது அண்ணன், யாரையும் பார்க்காமல், தங்கையின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, அக்காவின் முகத்துக்கு நிழல் பிடித்தார்.

நான் வெறும் கண்ணால் பார்த்தேன். தங்கையும் பார்த்துவிட்டார். அசைந்தால் கலைந்துவிடும் என்று கைவிரல்கூட ஆட்டாமல் நின்ற அந்த அம்மாளின் முகம் இருக்கிறதே, அதைத்தான் ஐயா படம் எடுக்க வேண்டும்.

"சார், இப்போ" என்று இடித்தேன்.

சரசரவென்று கேமரா அடித்தது. அதே சமயம் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு புறா தன் பாரத்தைக் குறைத்தது. நம்ம ஆளின் காது விறைத்ததைப் பார்த்தேன். இடுப்பு திரும்பியது. கழுத்து இல்லை, இடுப்பு. விதி பிசகவில்லை.

"கிடைச்சிருச்சு" என்று முட்டையிட்ட கோழி மாதிரி நிமிர்ந்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் கேமராவை டிவியில் மாட்டினார்கள். அந்தக் கேமராவில் ஓர் ஏற்பாடு உண்டு. பறவையின் கண் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். மனிதரை எடுக்கும்போது அதை மாற்றிவைக்க வேண்டும். இவர் மாற்றவில்லை. அது மாறும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

முதல் படத்தில் மூன்று மங்கலான துணிமூட்டைகள். இரண்டு மூட்டைக்கு நடுவே புறா, கண்ணைச் சுற்றியிருக்கிற வளையம்கூடத் தெரிகிறது. அடுத்ததில் புறா எழும்புகிறது, மூட்டைகள் கீழே இறங்குகின்றன. அடுத்ததில் அக்காவின் கொண்டை மட்டும். அதற்கப்புறம் அதுவும் இல்லை. நீல வானம், விரிந்த இறக்கை, முன்னால் பறந்து போக வேண்டிய காலி இடம். பொய் சொல்லக்கூடாது, புறா அற்புதமாக இருந்தது.

அந்த அம்மாள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கான தூது, கெஞ்சல், அழுகை எல்லாம் சேர்ந்து ஒரு புறாவாகப் பறந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் புத்தியுள்ள எந்தக் கணவனும் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு செருப்பைத் தேடுவான்.

"ஆனா அந்த இறக்கையப் பாருங்களேன்" என்றார் அந்தரத்தார்.

அக்கா மெதுவாகத் திரும்பினார். தங்கை பக்கம் இல்லை. நேராக அண்ணன் பக்கம்.

"அண்ணே, நம்ம பொண்ண இவருக்கா குடுத்தோம்?"

அண்ணனும் அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் அப்பவே யோசிக்கலாம்னு சொன்னேன். நீதான், அமைதியான பையன், நிமிந்துகூடப் பாக்க மாட்டான்னே" என்றார்.

"அப்ப நிமிரல. இப்ப நிமிந்த தல குனியவே மாட்டேங்குது."

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். சிரிப்பில் ஆரம்பித்து அழுகைக்குப் போய், மறுபடி சிரிப்புக்கே வந்து சேர்ந்தார். அப்புறம் அண்ணனும் அக்காவும் பிடித்த பிடி இருக்கிறதே! பெண் பார்க்க வந்த அன்று இவர் தண்ணீரைக் கொட்டியது முதல் போன மாதம் இவர் மாமியார் வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டை உடைத்தது வரை, ஒருவர் எடுத்துக் கொடுக்க ஒருவர் பாட, இருட்டும் வரைக்கும் கச்சேரி. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒத்துப்போக ஒரு விஷயம் கிடைக்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் அண்ணன் தட்டிலிருந்த இனிப்பை அக்காவே கைநீட்டி எடுத்து அப்பால் வைத்தார். தூதுக்கு ஆள் தேவைப்படவில்லை.

கடைசியில் கூடத்திலேயே, டியூப்லைட் வெளிச்சத்தில், என் போனில் ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் போதாது என்றார் அந்தரத்தார். அவரையும் இழுத்து நிறுத்தினார்கள். அண்ணன் கண்ணை மூடியிருக்கிறார், அக்கா யாரையோ திட்டிக்கொண்டே வாயைத் திறந்திருக்கிறார், அந்த அம்மாளுக்குச் சிரிப்பில் முகமே கோணிவிட்டது, மூலையில் சிவப்பாக ஏதோ தெரிகிறதே, அது என் கட்டைவிரல். அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதில் நாலாவதாக நிற்கிறவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நல்லவேளை, நம்மிடம் கேமரா இல்லை என்று நீங்கள் நிம்மதிப்படுவது எனக்குத் தெரிகிறது. ஐயா, கேமராவை வைத்து இந்த இனத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தூரத்தில் எதுவோ பறந்தால் இடுப்பு தானாகத் திரும்புகிறதா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிகிறதா, அதுதான் அடையாளம். சந்தேகமா? சோதனை சுலபம். இதை நீங்கள் வாசிக்க ஆரம்பித்ததிலிருந்து எதிரில் உட்கார்ந்து ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அது என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்.