ஏழாம் நம்பர் ஷூ

மேட்டுப்பாளையம் தாண்டும்போதே கன்னியப்பனுக்குத் தன் வலது கால் இன்னும் உடம்போடுதான் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பெடலை மிதிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

நெல்லித்தோப்பிலிருந்து சேதராப்பட்டுக்குப் பெண் பார்க்க சைக்கிளில் போகும் மாப்பிள்ளை அவன் ஒருவனாகத்தான் இருப்பான். என்ன செய்வது, பஸ் ஏறினால் அவனுக்கு வாந்தி வரும். போன தடவை வேறொரு பெண் வீட்டு வாசலிலேயே எடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பி வந்த வரலாறு உண்டு. அதனால் அம்மாவும் தாய்மாமன் ஆதிமூலமும் பஸ்ஸில் போய்விட்டார்கள். இவன் சைக்கிளை எடுத்தான். பெடல் ரப்பர் தேய்ந்து வெறும் கம்பிதான் மிச்சம். செருப்போடு மிதித்தால் பாதம் எரியும் என்று அக்கா வீட்டுக்காரரின் கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டான். அவருக்கு ஏழாம் நம்பர், இவனுக்கு எட்டு. ஒரு நம்பரில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தான்.

வந்தது.

வழியில் டீக்கடைக்காரர் ஒருவர், கால் மரத்துப்போகாமல் இருக்க உள்ளே மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் கெட்டியான சாக்ஸ் வாங்கி, ஏற்கெனவே போட்டிருந்த சாக்ஸின் மேலேயே போட்டு, ஷூவுக்குள் காலைத் திணித்தான். மரமரப்பு போய் எரிச்சல் வந்தது. ஊசுட்டேரிக் கரையில் இறங்கி, ஷூவோடு காலைத் தண்ணீரில் விட்டான். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சேதராப்பட்டு வருவதற்குள் லேஸ் முடிச்சு ஊறி இறுகி, கால் உள்ளே வீங்கி, ஷூ அவன் உடம்பில் ஓர் உறுப்பாகிவிட்டது.

பெண் வீட்டு வாசலில் அம்மாவின் செருப்பும் மாமாவின் செருப்பும் ஒழுங்காகக் கிடந்தன. அவர்கள் உள்ளே ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பன் குனிந்து இழுத்தான். குதிகாலைப் படிக்கட்டில் வைத்து நெம்பினான். ஒன்றும் அசையவில்லை. ஜன்னல் பக்கம் வளையல் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, வேப்பமரத்தை ரசிப்பவன்போல நின்றான்.

பெண்ணின் அப்பா ராமலிங்கம் வாசலுக்கு வந்தார். "உள்ள வாங்க தம்பி."

"பரவால்லங்க. இங்கயே காத்து நல்லா வருது."

மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோதும் அதையே சொன்னான். ராமலிங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"வீடு சின்னதுதான் தம்பி. ஆனா வந்தவங்கள உக்கார வெக்கிற அளவுக்கு இருக்கு."

கன்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. சுடர்விழியின் போட்டோவைப் பத்து நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் அவன். உண்மையைச் சொல்லலாம். வாந்தி எடுத்த மாப்பிள்ளை என்ற பெயரோடு ஷூ கழற்றத் தெரியாத மாப்பிள்ளை என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வெளியே வந்தார்கள். மரத்தடியில் நாற்காலிகள் போடப்பட்டன. கன்னியப்பன் மனதுக்குள் மின்சார இலாகாவை விழுந்து கும்பிட்டான்.

சுடர்விழி காபி கொண்டுவந்தாள். போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். ஆனால் அவள் இவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தாள். அவன் அவசரமாகக் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்தபோது ஈர ஷூ சளக்கென்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா நேராகவே பெண் வீட்டாரின் முடிவைக் கேட்டார். மகளிடம் கேட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்றார் ராமலிங்கம், இன்னும் ஆறாத கோபத்தோடு. இந்தப் பதிலின் அர்த்தம் கன்னியப்பனுக்கு அனுபவத்தில் தெரியும். காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

பக்கத்து வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. நம் வீட்டில் மட்டும் எப்படிக் கரண்ட் இல்லை என்று முணுமுணுத்தபடி, தெருக்கோடியில் இருக்கும் லைன்மேனைக் கூட்டிவர ராமலிங்கம் சட்டையை மாட்டினார்.

அப்போது திறந்திருந்த ஜன்னல் வழியாக, ரகசியம் என்று நினைத்துப் பேசிய சுடர்விழியின் அண்ணி பூர்ணிமாவின் குரல் தெளிவாக வெளியே வந்தது:

"சுடரு, மாப்ள ஷூ கழட்ட முடியாம தவிக்கிறாருன்னு நீ மெயின் போர்டுலேருந்து புடுங்கி ஒளிச்சு வெச்சியே அந்த பீஸ் கட்டை, அத எடுடி, உங்கப்பா லைன்மேனக் கூப்புடக் கெளம்பிட்டாரு."