முன் இடது டயரின் சராசரி

ஜமுனாமரத்தூரில் ஓர் அரசு அலுவலகம். அதற்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு நாலு டயர். ஒவ்வொன்றிலும் காற்று முப்பத்திரண்டு இருக்கவேண்டும் என்பது விதி. அலுவலகத்தில் காற்று அளக்கும் கேஜின் முள், முப்பத்திரண்டில் சிக்கி நாலு வருஷம் ஆகிறது. ஆகவே எங்கள் ஜீப்பில் ஒருநாளும் காற்று குறைந்ததே இல்லை. சந்தேகம் இருந்தால் பதிவேட்டைப் பாருங்கள்.

முன் இடது டயருக்கு மட்டும் பதிவேடு படிக்கத் தெரியாது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, இரண்டு ஓரமும் தேய்ந்து, உள்ளே கம்பி தெரிய நின்றது.

ஜீப்பை ஓட்டுவது எங்கப்பா முனியன். மலை இறங்கும் வளைவில் டயர் வெடித்தால் போகிற உயிர் அவருடையது. அதிகாரி கோகுலகிருஷ்ணனிடம் போய் நின்றார். சாப்பாட்டுத் தூக்கோடு நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஒரே ஒரு டயர் போதும் சார்."

"ஒத்த டயருக்கு விதி கிடையாது முனியன். நாலு டயரோட சராசரித் தேய்மானம் தொண்ணூறு சதவீதம் வரணும். உங்க வண்டி அறுபத்திரண்டரையிலதான் நிக்குது."

"வளைவுல சராசரி வெடிக்காதுங்க சார். டயருதான் வெடிக்கும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"பின்னாடி இருக்கறத முன்னாடி மாத்திப் போட்டுக்கட்டுமா?"

"பின் வலதுன்னு பதிஞ்ச சொத்தாச்சே! முன்னாடி போனா அது இடமாறுதல். மேலிடத்து ஆணை வேணும்."

கிளார்க் ஜெயசுதா மேடம்தான் வழி கண்டுபிடித்தார். சராசரி ஏறணும், அவ்வளவுதானே? நல்லா இருக்கும் மூணு டயரையும் தேய்த்துவிட்டால்?

'சமச்சீர் தேய்மான முகாம்' என்று பேனர் கட்டினார்கள். சந்தை நாளாகப் பார்த்து வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அரம் கொடுத்தார்கள்.

சாமை விற்க வந்த மாணிக்கம்மாள், "இன்னாடி இது?" என்று என்னைக் கேட்டார்.

"டயர் நல்லா இருக்குதாம்க்கா. அதைக் கெடுக்கணுமாம்."

"டீ குடுப்பாங்களா?"

"பிஸ்கட்டும் உண்டு."

உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேய்த்தார். மூன்றாம் நாள் சராசரி தொண்ணூறைத் தொட்டது. நாலு டயரும் மொட்டை. அதிகாரி ஜீப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அனுமதியும் வந்தது. 'மேற்படி ஜீப்பை மேற்படி டயர்களோடு, மலைக்குக் கீழே உள்ள தலைமை அலுவலகத்துக்கு ஓட்டி வந்து நேரில் காட்டினால், புதிய டயர்கள் வழங்கப்படும்.'

"நீங்க வண்டிய எறக்குங்க முனியன்" என்றார் அதிகாரி. "நான் பஸ்ல வர்றேன்."

அப்பா சாவியை மேசைமேல் வைத்தார். "வண்டியையும் பஸ்லயே கூட்டிட்டுப் போங்க சார்" என்று சொல்லிவிட்டு, வேலையை விட்டு வூட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ஊரே அதிகாரியைக் கிழித்தது. "ஆம்பள! இன்னா தெகிரியம்!" என்று அப்பாவை மெச்சாத ஆள் இல்லை.

மறுநாள் பத்து மணிக்குள் டிரைவர் வேலைக்கு நாற்பத்தொரு மனு. மெச்சினவர்கள் ஒருத்தர் பாக்கியில்லை. ஏழாவது மனு என்னுடையது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியாயிற்று, லைசென்ஸ் வாங்கிப் பதினோரு நாள் ஆகிறது, கவர்மென்ட் வேலை என்ன தினமுமா காலியாகிறது?

ஜெயசுதா மேடம் மனுவை வாங்கிப் புரட்டினார். "டயரைப் பத்தி எதுனா ஆட்சேபணை இருக்குதாம்மா?"

"எந்த டயருங்க மேடம்?" என்றேன்.