சத்தம் நின்ன கம்ப்யூட்டர்

போன ஞாயித்துக்கெழம எனக்கு இருந்தது ஒரே ஒரு வேல. சாயந்தரம் நாலு மணிக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு கபடி மேட்ச்ச ஓட வைக்கணும்.

எம் மக கார்த்திகா ஆடுற மேட்ச் அது. சேலத்துல காலேஜ் பொண்ணுகளுக்கு நடக்குற போட்டி, அன்னைக்கி ஃபைனல். நெட்டுல லைவா காட்டுறோம்னு போட்டி நடத்துறவங்க சொல்லிட்டாங்க. அவ ஹாஸ்டல்ல தங்கி வெளையாட ஆரம்பிச்சதுலேருந்து நாங்க ஒரு மேட்ச்சும் பாத்ததில்ல. எனக்கு லீவு கெடைக்காது. எம் பொண்டாட்டி செல்வி வீட்லயே தையல் மிஷின் போட்டு தைக்கிறா, அவளுக்கும் வேல ஓயாது.

நான் இலுப்பூர்ல ஒரு ஒரக்கடையில பில்லு போடுறவன். ஆள் பேர அடிக்கணும், எத்தன மூட்ட யூரியான்னு அடிக்கணும், ஒரு பட்டன அமுக்கணும். கம்ப்யூட்டர பத்தி எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். ஆனா அன்னவாசல்ல எங்க தெருவுக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆளு. யாராச்சும் ஒரு ஃபாரத்த தூக்கிக்கிட்டு வந்தா "கொண்டாங்க பாப்போம்"னு வாங்கிருவேன். தெரியாதுன்னு சொல்ற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது.

சனிக்கெழமயே பக்கத்து வீட்டு பாண்டியம்மா அக்காகிட்ட வாய விட்டுட்டேன். "நாலு மணிக்கு வந்துருங்கக்கா, பெருசா பாக்கலாம்."

"எங்க வீட்டு டிவிலயும் நெட்டு வருமாம்ப்பா. மருமகன் துபாய்லேருந்து வந்தப்ப வாங்கி மாட்டிட்டுப் போனாரு."

"டிவில பாக்குறதும் கம்ப்யூட்டர்ல பாக்குறதும் ஒண்ணாக்கா?"

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அந்தக்கா திருப்பிக் கேட்டுருந்தா நான் என்ன சொல்லிருப்பேன்னு எனக்கே தெரியல. நல்லவேள, கேக்கல.

ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு சோதிச்சுப் பாத்துருவோம்னு கம்ப்யூட்டர ஆன் பண்ணேன்.

சத்தம் வந்துச்சு. எப்பவும் வர்ற சத்தம்தான், ஆனா அன்னைக்கி மொளகா மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒரு பழைய மேட்ச் வீடியோவ போட்டேன். ரெண்டு பொண்ணுக கைய கோத்துக்கிட்டு நின்னுச்சுங்க. நின்னுக்கிட்டே இருந்துச்சுங்க. நடுவுல ஒரு வட்டம் சுத்துச்சு.

செல்வி மிஷின நிப்பாட்டிட்டு கேட்டா. "என்னங்க ஆச்சு?"

"நெட்டு ஸ்லோ."

எங்க வீட்ல நெட்டுன்னா என் போன்லேருந்து கம்ப்யூட்டருக்கு குடுக்குறதுதான். போன ஜன்னல்ல வச்சேன். பீரோ மேல வச்சேன். வாசல்ல முருங்க மரத்துக் கெளையில வச்சுட்டு வந்தேன். வட்டம் நிக்கல.

"நெட்டு ஸ்லோன்னா பொட்டிலேருந்து ஏங்க சத்தம் வருது?"

நல்ல கேள்வி. பதில் இருந்தா சொல்லிருப்பேன். "அது வேற டிபார்ட்மெண்ட்டு, ஒனக்கு சொன்னா புரியாது"ன்னேன்.

அவ திரும்பி மிஷின வேகமா மிதிக்க ஆரம்பிச்சா. அவ அப்புடி மிதிச்சா அதுக்கு என்ன அர்த்தம்னு இருவத்தி ஒரு வருச அனுபவத்துல எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் ஏன் ஸ்லோவா இருக்குன்னு கம்ப்யூட்டர்லயே தேடுனேன். ஒரு பக்கத்த தெறந்தா, அதுக்குள்ள இன்னும் மூணு பக்கம் பாக்கச் சொன்னாங்க. எதையும் மூட மனசு வரல. எதுல மருந்து இருக்கோ யாரு கண்டா? அரை மணி நேரத்துல மேல டேப்புங்க நெருங்கி நெருங்கி, கல்யாணப் பந்தில எல போட்ட மாதிரி ஆயிருச்சு. ஒரு வீடியோ கெடச்சுது. "ஸ்லோ கம்ப்யூட்டரை அஞ்சே நிமிசத்தில் சரி செய்வது எப்படி." அமுக்குனேன். அந்த வீடியோவும் சுத்த ஆரம்பிச்சிருச்சு. அஞ்சு நிமிச வீடியோவ நாப்பது நிமிசம் பாத்தும் அந்தாளு வணக்கம் சொல்லி முடிக்கல.

அப்பறம்தான் பச்சை கலர்ல பெரிய பட்டன் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. இத அமுக்குனா வேகமாயிரும்னு போட்டுருந்துச்சு. அமுக்குனேன். அது உள்ள போயி தேடிப் பாத்துட்டு, ஒங்க கம்ப்யூட்டர்ல ஆயிரத்து சொச்சம் கோளாறு இருக்குன்னு செவப்புல எழுதிக் காட்டுச்சு. சரி பண்ணுன்னேன். அது கூடவே இன்னும் மூணு சாப்ட்வேர கூட்டிக்கிட்டு வந்துருச்சு. திடீர்னு ஒரு பொம்பளக் கொரலு இங்கிலீசுல, வாழ்த்துகள், ஒங்களுக்கு பரிசு விழுந்துருக்குன்னு சத்தமா சொல்லுச்சு.

செல்வி ஊசிய நிப்பாட்டுனா. "யாரு அது?"

"தெரியல."

"ஒங்களுக்கு எதுக்கு வாழ்த்து சொல்லுது?"

"தெரியல செல்வி."

அந்தப் பொம்பள மூணு நிமிசத்துக்கு ஒருக்கா வாழ்த்து சொன்னா. எப்புடி நிப்பாட்டுறதுன்னு தெரியாம ஸ்பீக்கர் வயர புடுங்குனேன். மேட்ச்சுக்கு மறுபடி மாட்டணுமேன்னு நெனச்சுக்கிட்டே புடுங்குனேன்.

மத்தியானம் சாப்புட்டு வந்ததும் கடைசி முடிவுக்கு வந்தேன். பொட்டிய கழட்டுறதுன்னு.

பொட்டி எங்க இருக்குன்னா, தையல் மிஷினுக்கு ஒட்டுனாப்ல தரையில. யாரும் காலு தட்டாத எடம்னு நான்தான் பாத்துப் பாத்து வச்சேன். ஸ்க்ரூவ கழட்டி பக்கத்துத் தகட்ட எடுத்தேன். உள்ள கம்ப்யூட்டர காணும். பஞ்சுதான் இருந்துச்சு. செவப்பு, பச்ச, ஜாக்கெட்டு லைனிங் வெள்ளன்னு எல்லாக் கலர்லயும். ரெண்டு வருசமா செல்வி தச்ச துணியோட தூசிய எல்லாம் அந்தப் பொட்டி மூச்சு இழுத்து இழுத்து உள்ள சேத்து வச்சிருக்கு. உள்ள இருந்த சின்ன ஃபேன்ல நூலு சுத்தி, நூல்கண்டு மாதிரி ஆயிருந்துச்சு.

எனக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா, எல்லாம் ஒன் துணிப் பஞ்சு."

"பொட்டிய மிஷினுக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சது யாரு?"

நான் ஃபேன கழட்டுறதுல கவனமா இருந்தேன்.

நூல பிளேடால அறுத்து எடுத்தேன். சைக்கிள் பம்ப்ப வச்சு காத்தடிச்சு பஞ்ச வெளிய தள்ளுனேன். அது நேரா என் வாய்க்குள்ள போச்சு. அத்தோட விட்டுருந்தா இந்தக் கதையே இல்ல. ஆனா செல்வியோட மிஷின் எண்ண டப்பா பக்கத்துல இருந்துச்சு. ஃபேனு லேசா ஓடட்டுமேன்னு ரெண்டு சொட்டு விடலாம்னு கவுத்தேன். மூடி லூசு. எத்தன சொட்டு விழுந்துச்சுன்னு நான் எண்ணல. ஊத்துனா எங்கிட்டு எண்ணுறது?

தொடச்சுட்டு ஃபேன மாட்டி, ஆன் பண்ணேன்.

கருப்பு ஸ்கிரீன்ல இங்கிலீசுல ரெண்டு வரி வந்துச்சு. ஃபேனுன்னு ஒரு வார்த்த இருந்த மாதிரி இருந்துச்சு. கடைசியில எஃப் ஒண்ண அமுக்குன்னு போட்டுருந்துச்சு. அமுக்குனேன். அமுக்கச் சொன்னத அமுக்குறதுதான என் பொழப்பே.

கம்ப்யூட்டர் ஓடுச்சு. சத்தமே இல்ல. செல்வி மிஷின விட்டு எந்திரிச்சு வந்து காத வச்சுக் கேட்டா.

"நெசமாவே சத்தம் இல்லீங்க."

"அதான் சொன்னேன்ல." நான் என்ன சொன்னேன்னு எனக்கும் ஞாபகம் இல்ல, அவளுக்கும் ஞாபகம் இல்ல. தெறந்து வச்சிருந்த டேப்பு எல்லாத்தையும் மூடுனேன், வீடியோவும் சுத்தாம ஓடுச்சு. மேட்ச்சுக்கு ஓட்டிக்கலாம்னு உடனே ஆஃப் பண்ணி வச்சுட்டேன். அதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு. இன்னும் ரெண்டு நிமிசம் ஓட விட்டுருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

நாலு மணிக்கு பாண்டியம்மா அக்கா, அவங்க வீட்டுக்காரரு, எதுத்த வீட்டு ஆளுகன்னு எட்டு பேரு வந்து உக்காந்தாச்சு. செல்வி தல சீவி, நல்ல சேல கட்டிக்கிட்டு மொதல் வரிசையில இருந்தா. ஸ்பீக்கர மாட்டுனேன். வாழ்த்து சொல்ற பொம்பளயும் அந்நேரம் பாத்து அடங்கிருந்தா. படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு. ரெண்டு டீமும் வரிசையா ஓடியாந்துச்சுங்க. நீல ஜெர்சியில எம் மக மூணாவது ஆளு. செல்வி என் கைய புடிச்சுக்கிட்டா.

கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு.

"கரண்டு போச்சாப்பா?"ன்னாங்க பாண்டியம்மா அக்கா. மேல ஃபேனு சுத்திக்கிட்டு இருந்துச்சு.

திரும்ப ஆன் பண்ணேன். ரெண்டு வரி, எஃப் ஒண்ணு, அமுக்கு. படம் வர்றதுக்குள்ள அணைஞ்சுது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அணைஞ்சுது.

அக்கா எந்திரிச்சாங்க. "வாங்க எல்லாரும். எங்க வீட்ல பாப்போம், ஆட்டம் ஓடிரும்."

"ரெண்டு நிமிசம்க்கா, சரி பண்ணிட்டு கூப்புடுறேன்."

செல்வி என்னைய பாத்தா. "நீங்களும் வாங்க."

"நீ போ. நான் வாரேன்."

அந்த எடத்துல நான் எந்திரிச்சு போயிருக்கணும். பக்கத்து வீடு, பத்து அடி. ஆனா மொத நாள் அந்தக்காகிட்ட டிவியும் கம்ப்யூட்டரும் ஒண்ணான்னு கேட்டவன், அந்த டிவிக்கு முன்னாடி எப்புடிப் போயி உக்காருவான்? வீம்பு காலப் புடிச்சு இழுத்துருச்சு.

பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்க சரவணனுக்கு போன் போட்டேன். அவரு திருவரங்குளத்துல சொந்தக்காரங்க காதுகுத்துல இருந்தாரு. பின்னாடி மைக்செட்டு அலறுச்சு.

"தம்பி, கம்ப்யூட்டர் அணைஞ்சு அணைஞ்சு போவுது."

"உள்ள ஃபேனு எப்புடிண்ணே இருக்கு?"

"அருமையா இருக்கு தம்பி. இன்னைக்கித்தான் கழட்டி சர்வீஸ் பண்ணேன். துளி சத்தம் இல்ல."

அவரு மைக்செட்ட விட்டுத் தள்ளி வந்தாரு. "அண்ணே, சத்தம் இல்லையா? இல்ல, சுத்தவே இல்லையா? சுத்தலன்னா சூடாயி தானா அணைஞ்சிரும்."

குனிஞ்சு பாத்தேன். ஃபேனு சாமி செல மாதிரி அசையாம நின்னுச்சு. அதோட வயரு எதுலயும் சொருகாம தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்?"ன்னாரு சரவணன்.

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க விருந்துல உக்காருங்க."

சுவத்துக்கு அந்தப் பக்கம் கைதட்டலு கேட்டுச்சு. பாண்டியம்மா அக்கா வீட்டுக்காரரு "அப்புடிப் புடி"ன்னு கத்துனாரு. அந்த மனுசன் கொரல நான் அன்னைக்கித்தான் மொதத் தடவ கேக்குறேன். எம் மக என்னமோ பண்ணிருக்கா, அத ஊரே பாக்குது, நான் மட்டும் ஒரு வயர கையில வச்சுக்கிட்டு ஓட்ட தேடிக்கிட்டு இருக்கேன். எண்ணக் கையி வழுக்குனதுல வயரு உள்ள போகவே மாட்டேன்னுச்சு. அதுக்கே பாதி நேரம் போச்சு.

ஒரு வழியா சொருகி, தகட்ட மாட்டாம, ஃபேனு சுத்துதான்னு மூஞ்சிய கிட்ட வச்சுக்கிட்டே ஆன் பண்ணேன். சுத்துச்சு. நான் ஊத்துன எண்ண மொத்தமும் சந்தனம் தெளிச்ச மாதிரி என் மூஞ்சில தெளிச்சுது. கண்ண தொடச்சு, சட்டைய தொடச்சு, பொட்டிய தொடச்சு, எல்லாம் முடிஞ்சு வீடியோவ போட்டேன்.

படம் சும்மா தெளிவா வந்துச்சு. நெறைய காலி நாற்காலி. ஒருத்தரு தரையில விரிச்சிருந்த கபடிப் பாய சுருட்டிக்கிட்டு இருந்தாரு.

செல்வி வந்தா. அழுத கண்ணு, ஆனா சிரிச்ச மூஞ்சி. ஜெயிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சுது. அவ என் மூஞ்சியப் பாத்துட்டு எதுவுமே கேக்காம துண்ட எடுத்துக் குடுத்தா. திட்டிருந்தா கூட நல்லாருந்துருக்கும்.

அஞ்சு நிமிசத்துல கார்த்திகா வீடியோ கால் பண்ணா. வேர்த்து ஒழுகுது, கழுத்துல மெடலு.

"அப்பா, பாத்தீங்களா?"

பாக்கலன்னு சொல்ல வாய் வரல. "பாத்தேம்மா. என்னா ஆட்டம். நீ ரைடு போன வேகம் இருக்கே, அடேயப்பா."

அவ மூஞ்சிய போனுக்குக் கிட்ட கொண்டாந்தா. "அப்பா, நான் ரைடே போகல. நான் கார்னரு. வர்றவங்கள புடிக்கிறதுதான் என் வேல."

எனக்குப் பின்னாடி செல்வி நிதானமா சொன்னா. "ஒங்கப்பா அந்நேரம் இங்க ஃபேனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரும்மா."

"அதான் மூஞ்சியெல்லாம் எண்ணையா?" அவ சிரிக்க ஆரம்பிச்சா. கூட நின்ன பொண்ணுகளும் எட்டிப் பாத்து சிரிச்சுதுங்க. சிரிச்சு முடிச்சுட்டு சொன்னா, "ஃபுல் மேட்ச்சும் ரெக்கார்டு ஆயிருக்கு. லிங்க் அனுப்புறேன், உக்காந்து ஒழுங்கா பாருங்க. பஸ் ஏறுனதும் போன் பண்ணி கேள்வி கேப்பேன்."

பாத்தேன். ஒரு நோட்டு பேனா எடுத்து வச்சுக்கிட்டு, நிப்பாட்டி நிப்பாட்டி பாத்தேன். கடைசி நிமிசத்துல எதிர் டீமு பொண்ணு தப்பிச்சு ஓடுனப்ப, எம் மக பாஞ்சு விழுந்து ஒத்தக் கால கணுக்காலோட புடிச்சா பாருங்க, அந்தப் புடியில நான் நாற்காலிய தள்ளிட்டு எந்திரிச்சு தனியா கைதட்டுனேன். செல்வி மறுபடியும் வந்து பக்கத்துல உக்காந்து பாத்தா.

சொன்ன மாதிரியே போன் வந்துச்சு. எத்தன பேர புடிச்சேன், எந்தக் கால புடிச்சேன், எப்ப அவுட் ஆனேன்னு பத்து கேள்வி கேட்டா. பத்துக்கும் சரியா பதில் சொன்னேன்.

ஏழு மார்க்குதான் போட்டா. மூணு மார்க்கு, பொய் சொன்னதுக்கு கழிச்சுட்டாளாம்.