நடந்தா வருதா, நின்னா போகுதா?

தூத்துக்குடியில் யாரையும் நிம்மதியாக ஒரு சோடா குடிக்கவிடாத ஒரே மனிதர் எங்கள் தெரு நெஞ்சுவலி அண்ணாச்சிதான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடி ஏறினால் அவருக்கே நெஞ்சில் பாரம் வந்தது. வாய்வு என்று முடிவுகட்டி சோடாவாகக் குடித்துத் தீர்த்தார். ஒருநாள் சோடாக்கடை வாசலிலேயே வேர்த்து விறுவிறுத்து விழுந்தார். பைபாஸ் முடிந்து திரும்பியவர் ஆளே மாறிவிட்டார்.

காலையிலேயே சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். யார் பாட்டிலைத் தொட்டாலும் விசாரணைதான்.

"எதுக்குவே சோடா?"

"தாகம், அண்ணாச்சி."

"தாகமா, நெஞ்சு அடைக்கா? நடந்தா வருதா, நின்னா போகுதா? இடது கை கடுக்கா? தாடை வலிக்கா?"

பதில் திருப்தியில்லை என்றால் சட்டையைத் திறந்து தையலைக் காட்டுவார். கடைக்காரர் கும்பிட்டே விட்டார். "உம்ம காலப் பிடிக்கேன் அண்ணாச்சி, எதிர்த்தாப்புல போயி உக்காரும்." எதிரில் சலூன். சவரத்துக்குத் தாடையைக் காட்டியவர்களெல்லாம் மாட்டிக்கொண்டார்கள்.

அவரோடு தெருவில் நடக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் அடுத்த வீட்டுக்காரர். என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்காமல் இருக்க முடியுமா?

மண்டபம் மாடியில். வேம்பாரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா, உப்பு வியாபாரி, தாம்பூலத் தட்டோடு படியேறினார். நடுவில் நின்றார். தாடையைத் தடவினார். ஏறினார், மறுபடி நின்றார். மேலே வந்ததும், "வாய்வுத் தொல்லை, ஒரு சோடா கிடைக்குமா?" என்றார்.

அவ்வளவுதான். முன்வரிசையில் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "சோடா இல்லவே, ஆஸ்பத்திரி! இது வாய்வே இல்ல!" சபை நடுவில் சட்டையும் திறந்தாயிற்று.

மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு முகம் கறுத்தது. "நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசுதாரு, யாரு இந்தாளு? தட்ட எடுத்துக்கிட்டுக் கிளம்புதோம்!"

என் மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அண்ணாச்சியை இழுத்துக்கொண்டுபோய்ப் படியில் விட்டேன்.

"மானத்த வாங்காதேயும். வீட்டுக்குப் போயிரும்."

பந்தி போடும் நேரம். சாப்பிடாமலே இறங்கினார். "ஈசிஜி மட்டுமாவது எடுக்கச் சொல்லும்வே" என்று சொல்லிக்கொண்டே போனார். அதன்பிறகுதான் தாய்மாமன் சமாதானமாகி, தட்டு மாற்றினோம்.

அந்த வாரமே பஸ்ஸுக்கு நடந்த சம்பந்திக்கு அதே பாரம். அண்ணாச்சியின் கேள்வி ஞாபகம் வந்திருக்கிறது. நின்றார், போயிற்று. நடந்தார், வந்தது. சோடாக்கடையைத் தாண்டி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. நல்லவேளை, இப்போதே வந்தீர்கள் என்றாராம் டாக்டர்.

கல்யாணத்துக்கு அண்ணாச்சி வர மறுத்தார். நான் கூப்பிட்டபோது, "உமக்கு மானக்கேடு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சம்பந்திதான் போய்க் கையோடு கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தார்.

சாம்பார் வாளியோடு அவர் இலைக்கு முன்னால் வந்தவன், ஊற்றத் தோன்றாமல் நின்றுவிட்டேன். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"என்னவே, நெஞ்சு அடைக்கா?"

"இல்ல அண்ணாச்சி. வெக்கமா இருக்கு."

என்னை உற்றுப் பார்த்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும். உக்காந்தா போகுதான்னு பாப்போம்."

உட்கார்ந்தேன். வெட்கம் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் சுகமாக இருந்தது.