பல்லு மாஸ்டரும் நூற்றிரண்டு மில்லிமீற்றரும்

றப்பர் என்பது வட்டிலப்பம் மாதிரி என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஊற்றுகிற பாத்திரம் எவ்வளவு அகலமோ, ஆறிய பின் கவிழ்த்தால் வருவதும் அவ்வளவு அகலம். ஐம்பத்திரண்டு வயதுவரை இந்த நம்பிக்கையோடு நிம்மதியாகவே வாழ்ந்தேன். றப்பரைப் பற்றி யாரும் என்னிடம் விசாரித்ததும் இல்லை.

பல்லு மாஸ்டரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலகத்தில் உள்ள சகல சாமான்களையும் அளக்கக் கருவி வந்துவிட்டது. ஆனால் அவருடைய இடப்பக்கக் கடைவாய்ப்பல்லுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை, இனி வரப்போவதுமில்லை. எந்த றப்பரைக் கொடுத்தாலும் ஒருதரம் கடிப்பார். கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும். அவருடைய அளவுகோலில் மென்மையிலிருந்து கடினம்வரை நாலு படிகள்: பிள்ளை சப்பும் சூப்பி, மஸ்கட் அல்வா, செருப்பு, டயர். நடுவில் அரை, கால், ‘ஒரு சொட்டு’ என்று உபபிரிவுகளும் உண்டு.

ஒருமுறை நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்த எஞ்சினியர், றப்பரின் கடினத்தை அளக்கும் கருவியோடு வந்தாராம். கருவி ஒன்று சொன்னது, பல் இன்னொன்று சொன்னது. “தம்பி, உங்கட மெசினுக்கு வயசு போயிட்டுது” என்றார் மாஸ்டர். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தால் பிழை கருவியில்தானாம். இதை நான் கண்ணால் காணவில்லை. ஆனால் பலருக்குச் சொல்லிச் சொல்லி இப்போது கண்டது போலவே இருக்கிறது.

கல்யாண வீட்டிலும் அந்தப் பல் சும்மா இருக்காது. நகரத்து மண்டபம் ஒன்றில் மணமகனுக்கு அறுகரிசி போட வரிசையில் நின்றவர், திடீரென்று குனிந்து கதிரைக் காலில் மாட்டியிருந்த றப்பர் தொப்பியைக் கழற்றி வாயில் போட்டார். பந்தியில் சாப்பாடு போதவில்லையாக்கும் என்று பெண்வீட்டார் பதறிப்போய் அவருக்கு இரண்டு வடையை நீட்டினார்கள். மாஸ்டர் வடையையும் ஒரு கடி கடித்து, “செருப்பு” என்றார்.

இவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதைக்கு வருகிறேன். எங்கள் துறைமுக நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு தனியார் அலுவலகத்தில் கட்டிடப் படம் வரைபவனாக இருந்தேன். அந்த அலுவலகம் ஒருநாள் தன் கிளையை மூடிவிட்டுப் போனது. வீட்டிலிருந்து யோசித்ததில் எனக்கு ஒரு கண்டுபிடிப்பு உதித்தது. சிறு படகில் தனியாகப் போகிறவர் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளி வைத்துத் தண்ணீர் இறைக்கிறார். அந்த வேலையைக் காலிடம் கொடுத்தால் என்ன? மிதித்தால் தண்ணீரை வெளியே தள்ளும் ஒரு சின்னப் பம்ப். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் குழாய். உயிர் மட்டும் நடுவில் இருக்கும் றப்பர் தட்டு: மிதிக்கும்போது குழிய வேண்டும், விட்டால் எழும்ப வேண்டும். அப்படி ஒரு தட்டு எந்தக் கடையிலும் இல்லை. செய்துதான் எடுக்க வேண்டும்.

மூதூரில் படகு வைத்திருக்கும் நளீம் நானா, பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்து ஒரு சனிக்கிழமை தந்தார். அதன்பிறகு கடலைக் குழப்பும் வாடைக்காற்று நெருங்கிவிடும், எவரும் பரீட்சைக்குப் படகு தர மாட்டார்கள். என் மனைவியும் ஒரு நாள் குறித்தாள்.

“சனிக்கிழமை நானா தலையாட்டாட்டி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொழும்பு ரெயில். அண்ணாட ஸ்டோர்ஸில கதிரை போட்டு வச்சிருக்கினம்.”

அந்தக் கதிரையை நான் பார்த்திருக்கிறேன். மைத்துனருடைய களஞ்சியசாலையில் வாசலுக்கும் கழிவறைக்கும் நடுவில் இருக்கிறது. அதில் மிச்ச ஆயுளைக் கழிப்பதைவிட டயரைக் கடிக்கலாம்.

மாஸ்டரின் பட்டறை உட்துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், கந்தக மணத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வரும். லொறி தூக்கும் ஜக் வைத்து அவரே கட்டிய அழுத்தி, மேலும் கீழும் சூடாகும் தட்டுகள், மூலையில் உலோகம் கடையும் ஒரு லேத் மெசின். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்றாலும் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்; அவருக்கு நான் வெறும் ‘ஐசே’.

முதலில் சின்ன அச்சொன்றில் மாதிரித் துண்டுகள் செய்து தந்தார். முதல் துண்டு இருநூறு மிதிக்குள் கிழிந்தது. இரண்டாவது கிழியவில்லை, என் முழங்கால்தான் கிழிந்தது. மூன்றாவதைக் கடித்தவர் கண்ணை மூடியபடி, “மஸ்கட்டுக்கும் செருப்புக்கும் நடுவில. செருப்புப் பக்கம் ஒரு சொட்டு. இதுதான் உம்மட சாமான் ஐசே” என்றார். மிதித்துப் பார்த்தேன். இதுதான்.

அந்தப் பட்டறையில் ஒரே ஒரு சட்டம். அச்சு சூட்டில் இருக்கும் பன்னிரண்டு நிமிஷமும் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. முன்னொரு காலம் யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் காணி வழக்கை விபரமாகச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் நேரத்தை மறந்து, உள்ளே இருந்த றப்பர் கரியாகிவிட்டதாம். அன்றிலிருந்து கதை கிடையாது. என்னைப் போல வாயால் மூச்சு விடுகிறவனுக்கு அது பன்னிரண்டு வருஷக் கடூழியம். கேள்வி ஒன்று மனதில் வந்தால், அது கேட்கும் நேரம் வருவதற்குள் பழுத்து, அழுகி, சந்தேகமாக மாறிவிடும்.

அப்படித்தான் மாறியது. பம்புக்கான பெரிய அச்சை மாஸ்டர் வியாழக்கிழமை கடைந்து முடித்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் என் அளவுகோலை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். படத்தில் நூறு மில்லிமீற்றர் என்று நான் போட்டிருக்க, அச்சின் குழி நூற்றிரண்டு!

பாவம், மனிதருக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். பல்லாலேயே பார்த்துப் பழகியவர், கண் போனதைக் கவனித்திருக்க மாட்டார். நேரே சொன்னால் மனம் நோகும். ஆகவே பெருந்தன்மையாக ஒரு காரியம் செய்தேன். நகரத்தில் வேறொரு லேத் பட்டறைக்கு ஓடி, அச்சொட்டாக நூறு மில்லிமீற்றரில் இன்னொரு அச்சைக் கடைந்து எடுத்தேன். சாயங்காலம் மாஸ்டர் தேத்தண்ணி குடிக்க வெளியே போன இடைவெளியில் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். தடயம் இருக்கக்கூடாதல்லவா? பழைய அச்சை மறுநாள் காலை, போத்தலும் பித்தளையும் அலுமினியமும் வாங்க சைக்கிளில் வருகிறவரிடம் கொடுத்தேன். அவர் என் மனைவிக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின் தந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் அச்சைக் கையில் எடுத்தார்.

“என்ன, இண்டைக்கு அச்சு மினுங்குது?”

“துடைச்சு வச்சனான் மாஸ்டர்.”

றப்பரை வைத்து அழுத்தியை இறக்கினார். பன்னிரண்டு நிமிஷ மௌனம். ஒரு நல்ல மனிதரின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியில் எனக்குக் கண் கலங்கியது. கந்தகப் புகையாகவும் இருக்கலாம்.

தட்டு வெளியே வந்தது. சுடச்சுட அளந்தேன். கிட்டத்தட்ட நூறு! துள்ளாத குறை. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஆசைக்காக மறுபடி அளந்தேன். தொண்ணூற்றொன்பது. அளவுகோலைச் சரித்துப் பிடித்துவிட்டேனாக்கும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம். தொண்ணூற்றெட்டு. கண்முன்னாலேயே ஒரு பொருள் மெலிந்துகொண்டு போவதை அன்றுதான் பார்த்தேன். மாஸ்டர் அதை வாங்கிப் பம்புக்குள் வைத்தார். அது தனக்கென்று வெட்டிய பள்ளத்தில் உட்காராமல் டொப்பென்று அடியில் போய் விழுந்தது.

மாஸ்டர் அதை எடுத்து ஒரு கடி கடித்தார்.

“கடி சரி. ஆள்தான் மெலிஞ்சுபோனான். என்ன ஐசே செய்தனீர்?”

கொழும்புக் கதிரை கண்ணுக்குள் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். மாஸ்டர் இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

“றப்பர் ஆறேக்க சுருங்கும் ஐசே! அதுக்குத்தானே ரெண்டு மில்லிமீற்றர் கூட வச்சனான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!”

“எனக்குத் தெரியாது மாஸ்டர்.”

“கேட்டிருக்கலாமே?”

“நீங்கள் எங்க கதைக்க விட்டனீங்கள்!”

கொஞ்சம் இறங்கிய குரலில், “சரி, என்ர அச்சு எங்க?” என்றார்.

“அது… பேசினாப் போச்சு.”

“என்ன?”

“பழைய சாமான் எடுக்கிறவர்… மனுசிக்கு ஒரு பேசின் குடுத்தவர்…”

மாஸ்டர் கையைத் தலையிலிருந்து இறக்கினார்.

“என்ன நிறம்?”

“பச்சை.”

ஏனென்று தெரியாது, அந்த ‘பச்சை’ அவரை உடைத்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அழத் தயாராக நின்றேன். சிரித்து முடித்தவர் என் புது அச்சை எடுத்து லேத்தில் பூட்டினார்.

“தப்பினீர் ஐசே. சின்னனாச் செய்தபடியாத் தப்பினீர். அலுமினியத்தை உள்ளால சீவலாம், ஒட்ட ஏலாது. பெரிசாச் செய்திருந்தீரெண்டா இண்டைக்கே பெட்டி கட்டவேண்டியதுதான்.”

அரை மணித்தியாலத்தில் நூறு நூற்றிரண்டானது. மறுபடி அழுத்தி, மறுபடி பன்னிரண்டு நிமிஷம். ஆறும்வரை நிமிஷத்துக்கு ஒருதரம் அளந்த என்னிடமிருந்து அளவுகோலைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டினார். தட்டு தன்பாட்டில் ஆறிச் சுருங்கி, பம்புக்குள் போய், சொந்த வீட்டுக்கு வந்த ஆள் போல உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலை மூதூருக்குப் பஸ் ஏறப் போனால், மாஸ்டர் எனக்கு முன்னமே பஸ்ஸில் இருந்தார். “சும்மா, பாத்திட்டு வருவம்” என்றார்.

நளீம் நானா எங்கள் இருவரையும் பம்பையும் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்குள் படகை விட்டார். கரை சிறிதானதும் எஞ்சினை நிறுத்தினார்.

“தம்பி, நான் முப்பது வருசமா வாளியால இறைக்கிறவன். உங்கட சாமான் என்ன செய்யுதெண்டு பாப்பம்.”

சொல்லிவிட்டு அந்த வாளியாலேயே கடலை அள்ளிப் படகுக்குள் ஊற்றத் தொடங்கினார். பரீட்சை இப்படியும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கணுக்கால் நனைந்தது.

“நானா, காணும், போதும்!”

“எங்கட கடல் இதைவிடக் கூட ஊத்தும் தம்பி.”

தண்ணீர் முழங்காலுக்குப் பாதிவரை வந்தபோது, எனக்கு நீந்தத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. மிதித்தேன். மிதித்த மிதியில் நான் பம்பை இயக்கினேனா, கடலை விட்டு ஓடினேனா என்று சொல்ல முடியாது. குழாயால் தண்ணீர் பீறிட்டு வெளியே போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. துறைமுகத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதாம். படகில் கால் வைப்பது அதுதான் முதல்தடவையாம். ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக் கடலுக்குள் சத்தி எடுத்துக்கொண்டே, மறு கையால் எனக்கு ‘நிப்பாட்டாதையும், மிதியும்’ என்று சைகை காட்டினார்.

“ஐயோ மாஸ்டர், பிறகேன் வந்தனீங்கள்?”

“றப்பரை… தனிய விட ஏலுமோ ஐசே” என்றவர் மறுபடி விளிம்புக்குத் திரும்பினார்.

நானா குனிந்து பார்த்தார். படகின் அடிப்பலகை தெரிந்தது. தட்டு கிழியவில்லை, ஓரத்தில் ஒரு துளி ஒழுகவில்லை. தன் காலை வைத்து நூறு மிதி மிதித்தார். பிறகு வாளியைத் தூக்கி ஒரு மூலையில் வைத்தார்.

“நம்மட ஆக்களிட்ட எட்டுப் படகு இருக்கு. வாடைக்கு முந்தி எட்டும் தர ஏலுமா?”

எட்டுப் பம்பையும் கொடுத்தோம். கொழும்புக் கதிரையில் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. அன்று கரைக்கு வந்ததும் மாஸ்டர் நாலடி நடந்து மணலில் மல்லாந்து விழுந்தார். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானா வீட்டிலிருந்து ஒரு குடை வாங்கி வந்து, அவர் எழும்பும்வரை ஒன்றரை மணித்தியாலம் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.