போஸ்ட்மாஸ்டர் வண்டி கழுவினார்

மூன்றாவது தடவையும் சாவியைத் திருப்பிப் பார்த்தார் போஸ்ட்மாஸ்டர். வண்டி கர்கர்ரென்று இழுத்தது, இருமியது, பிறகு வாயை மூடிக்கொண்டது. எதிரே, காரின் டாஷ்போர்டில், ஒரு குட்டிச் சாவிப் படம் மட்டும் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“கழுவினதுதான் தப்பாப் போச்சு” என்றார் வாய்விட்டு. கேட்க ஆளில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில், தூண்களுக்கு நடுவே, ஒரே மாதிரி சாம்பல் நிற உறையைப் போர்த்திக்கொண்டு வண்டிகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

மணி ஒன்பது. பதினொன்றுக்கு மகன் வீடியோவில் வருவான்.

வெளிநாட்டிலிருந்து ஞாயிறுதோறும் அவன் கேட்பது ஒரே கேள்விதான். “அப்பா, வண்டியை ஸ்டார்ட் பண்ணீங்களா?” இவரும் ஒரு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார். “ஆச்சுப்பா, ஜம்முனு ஓடுது.” அத்தனையும் பொய். வண்டியை ஓட்டியதெல்லாம் மனைவிதான். இவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, முதல் திருப்பத்திலேயே தூங்கிவிடுகிற ரகம். அவள் போன பிறகு உறையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் மகனுக்கு என்னவோ சந்தேகம் தட்டியிருக்கிறது. “அடுத்த வாரம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. வண்டியவே பார்த்துக்க முடியலைன்னா, தனியா உங்களை எப்படிப் பார்த்துப்பீங்க? வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க. டிக்கெட் போடறேன்.”

இங்கே மட்டும் பேச ஆள் இருக்கிறதா என்றால், இல்லைதான். ஆனாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற இடமாவது அவள் நடமாடிய இடமாக இருக்கிறதே!

அதனால்தான் விடிந்ததும் சாவியோடு இறங்கி வந்தார். பூட்டு சண்டித்தனம் செய்தது. ஆட்டி, அசைத்து, கெஞ்சித்தான் கதவைத் திறந்தார். உள்ளே, கியருக்குப் பக்கத்துக் குழியில் ஒரு கறுப்புத் தலைக்கிளிப் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு துடைத்துச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். அந்த வேகத்தில்தான் பானெட்டைத் திறந்து, குழாயை மாட்டி, எஞ்சினைத் தலையோடு கால் குளிப்பாட்டிவிட்டார். ஸ்டார்ட் ஆவதைக் காட்டினால் மட்டும் போதுமா, பளபளப்பையும் காட்ட வேண்டாமா?

“என்ன சார், தண்ணி உள்ள போயிடுச்சா?”

திரும்பினார். முதல் மாடியில் அழகு நிலையம் வைத்திருக்கும் பெண். லிஃப்டில் எத்தனையோ முறை சேர்ந்து போயிருக்கிறார்கள். இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு சரி.

“உள்ள போறதுக்கு இனிமே இடம் இல்லம்மா.”

“அட, இதுக்கா இவ்வளவு கவலை? தலை காய வைக்கிற மெஷின் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல காய வெச்சுடலாம்.”

மெஷின் வந்தது. ஒயர் எட்டவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்துப் பிளக்கில் இழுத்து மாட்டினார்கள். இரண்டு நிமிஷம் சூடான காற்று வந்தது. பிறகு ‘பட்’டென்று ஒரு சத்தம். கட்டடம் முழுக்க மின்சாரம் போனது. லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருய்யா அது? நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!”

அது நான்காவது மாடி பேங்க் மேனேஜர். படியில் ஓடிவந்த பௌதிக வாத்தியார் விஷயத்தைக் கேட்டதும், லிஃப்டை விட்டுவிட்டு வண்டிக்குள் தலையை விட்டார்.

“சென்சார் நனைஞ்சிருக்கும். பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினா எல்லாம் சரியாயிடும்.”

“முதல்ல என்னைக் கழட்டுங்க சார்!” என்றார் லிஃப்டுக்குள் இருந்தவர். ஒரு நிமிஷம் கழித்து அவரே, “மைனஸ் ஒயரை முதல்ல எடுங்க!” என்று யோசனையும் சொன்னார்.

கழற்றினார்கள். மாட்டினார்கள். அவ்வளவுதான், வண்டி அலற ஆரம்பித்தது. ‘வீல், வீல்’ என்று ஊரைக் கூட்டியது. மாடி மாடியாகக் கதவுகள் திறந்தன. லுங்கியும் நைட்டியும் பல் தேய்க்கும் பிரஷ்ஷுமாக ஜனங்கள் இறங்கி வந்தார்கள்.

“யார் வண்டிங்க இது?”

“என்னோடதுதான். மன்னிச்சுக்கணும்.” போஸ்ட்மாஸ்டர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். வேலையில் இருந்த காலத்தில், ஊரில் எந்தக் கதவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இங்கே எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது.

“தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். கேட்டு வரைக்கும் சரிவுதானே!” என்றார் வாத்தியார்.

அழகு நிலையப் பெண் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். பத்துப் பேர் பின்னால் கை வைத்தார்கள். லிஃப்ட் கதவை நெம்பி வெளியே இழுக்கப்பட்ட பேங்க் மேனேஜரும் வந்து சேர்ந்துகொண்டார். வண்டி உருண்டது. அலறல் நிற்கவில்லை.

“சாவியை எடும்மா, சத்தம் நின்னுடும்!” யாரோ கத்தினார்கள். அவள் இழுத்தாள். சாவி கையோடு வந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை. ஸ்டியரிங்தான் பூட்டிக்கொண்டது. வண்டி அரைவட்டம் அடித்து, கேட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. இனி ஒரு சைக்கிள்கூட உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது.

“நாசமாப் போச்சு. எனக்குப் பத்தரைக்கு ஆஸ்பத்திரில டூட்டி!” என்றாள் ஒரு நர்ஸ். ஆனால் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. யாரோ பிளாஸ்கில் டீ கொண்டு வந்தார்கள். “சார், நீங்க எந்த வீடு?” என்று முதன்முறையாக அவரை ஒருவர் கேட்டார். சொன்னார். “அட, எனக்கு நேர் மேல! உங்க ஃபேன் சத்தம் கேட்டுத்தான் தினமும் தூங்கறேன்.”

அலறல் தானாக ஓய்ந்தபோது, போன் மணி அடித்தது. பதினொன்று.

இனி மறைத்துப் பயனில்லை. போஸ்ட்மாஸ்டர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

“ஸ்டார்ட் ஆகலைப்பா. ஒரு வருஷமா நான் தொடவே இல்லை. பொய் சொல்லிட்டேன். நீ டிக்கெட் போட்டுடு.”

மகன் திரையை உற்றுப் பார்த்தான்.

“யாருப்பா அவங்க எல்லாம்?”

அவருக்கு யார் பெயரும் தெரியாதே! விழித்தார். பேங்க் மேனேஜர் எட்டிப் பார்த்து, “எல்லாரும் இங்கேயே குடியிருக்கறவங்கதான் தம்பி. அப்பாவுக்கு வண்டி தள்ள வந்தோம்” என்றார். அழகு நிலையப் பெண் சாவியோடு கையை ஆட்டினாள். “உங்கப்பாவை நாங்க பார்த்துக்கறோம். நீங்க அங்க நிம்மதியா இருங்க!”

“அங்க உங்களுக்கு யாருமே இல்லைன்னுல்ல நினைச்சேன்” என்றான் மகன். “டிக்கெட் இப்போ வேண்டாம்பா. வண்டி கெடக்கட்டும்.”

போஸ்ட்மாஸ்டர் முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். போனில் மகன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி பெட்டியோடு இறங்கினாள். உள்ளே வர வழியில்லாமல், வண்டியையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம் பொறுங்கம்மா, இதோ தள்ளிடறோம்” என்றார் வாத்தியார்.

“தள்றது இருக்கட்டும் சார். சாவி என் பையில இருக்கு. என் வண்டி எப்படி இங்க வந்துச்சு?”