ஈஸ்டருக்குத் தக்காளி

ஈஸ்டர் பிரியாணிக்கு இனி கடைத் தக்காளி கிடையாது என்று சாம்பல் புதனன்று சபதம் எடுத்தார் ஆனந்த்ராஜ். தவக்காலத்தில் மற்றவர்கள் கறியை விடுவார்கள். நாகல் நகர் ஆனந்த்ராஜ் மார்க்கெட்டையே விட்டார்.

காரணம், பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியின் போனிலிருந்து வந்த ஒரு வீடியோ. பனி கொட்டும் ஏதோ தேசத்தில் ஒரு வெள்ளைக்காரர் குழாயை வில்லாக வளைத்து, மேலே பாலித்தீனைப் போர்த்தி, உள்ளேயிருந்து கூடை கூடையாகத் தக்காளி பறித்தார். அதற்கு 'குரோ டனல்' என்று பெயராம். நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை.

தானும் ஒன்று கட்டப்போவதாகச் சொன்னதும் மனைவி ரோசலின் சண்டைக்கு வருவாள் என்றுதான் எதிர்பார்த்தார். காக்கா தொல்லையில்லாமல் வத்தல் காயப்போட மொட்டைமாடியில் ஒரு கூடாரம் கேட்டு, "வெட்டிச் செலவு" என்று மூன்று வருடமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். ஆனால் அவளோ குழாயின் மறுமுனையைப் பிடித்து வளைத்துக் கொடுத்தாள். அதுதான் முதல் குழப்பம்.

"காய்க்கலைன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஈஸ்டருக்குள்ள ஒரு தக்காளியாச்சும் வரலைன்னா கூடாரத்த நீயே வச்சுக்க."

"சரிங்க. ஓரத்த நல்லா இழுத்துக் கட்டுங்க. காத்து புகுந்துரப் போகுது."

இருபது நாற்று வைத்தார். பத்தே நாளில் எட்டு தலை தொங்கின. காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், நடுவில் அறிவுரை. செடிகள் எதையும் காதில் வாங்கவில்லை. உள்ளே போனால் மூக்குக் கண்ணாடிக்கே வியர்த்தது. பனியில் காய்த்தது இங்கே ஏன் காய்க்கவில்லை? திண்டுக்கல்லில் வெயிலுக்கா பஞ்சம்?

மாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெய்தூன் பீவி எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, செடிய வளக்குறீகளா, அவிக்கிறீகளா?"

"சூடு வெளிய போகக் கூடாதுக்கா. வீடியோவுல அப்பிடித்தான் சொன்னாரு."

"அவரு ஊர்ல குளுரு. நம்மூர்ல எதுக்கு?"

ஆனந்த்ராஜ் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கடைசிச் செடியும் சருகானது. தோல்வியைச் சொல்ல ரோசலினைத் தேடினார். அவள் கூடாரத்துக்குள்ளே இருந்தாள். மோர் மிளகாய் ஒரு தட்டு, கொத்தவரங்காய் ஒரு தட்டு. இரண்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. வெளியே ஒரு காக்கா பாலித்தீனைக் கொத்திப் பார்த்துவிட்டு வெறுத்துப் பறந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியல ரோசலின். ஜெய்தூன் அக்கா எதுக்கு எனக்குப் போயி அந்த வீடியோவ அனுப்பணும்?"

ரோசலின் ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டாள்.

"அவுகளுக்கு வீடியோ அனுப்பவே தெரியாதுங்க. நாந்தான் அவுக போன வாங்கி அனுப்புனேன்."